பூட்டி வைத்த குரல்

"நான் போய்ட்டா வடிவும் என்கூடவே போயிருவா அம்மா."

ஆற்றங்கரை மடத்தில், உலகம்மை அம்மாவின் முன்னால் உட்கார்ந்து குற்றாலிங்கம் சொன்னார். அம்மாவைவிட வயதில் பெரியவர். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வடிவு, இறந்துபோன அவர் மனைவி.

"புரியும்படியா சொல்லுங்க ஐயா."

"அவ பாடினது, சிரிச்சது, என்னைத் திட்டினது எல்லாம் போன்ல பிடிச்சு வச்சேன். இப்போ இன்டர்நெட்ல ஒரு கணக்குக்குள்ள பூட்டிக் கெடக்கு. பாஸ்வேர்டு இல்லாம அந்தக் கம்பெனிக்காரனாலயே திறக்க முடியாது. அப்பேர்ப்பட்ட பூட்டு."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"உங்க மகளுக்கு?"

"கோமு கேட்டுக்கிட்டேதான் இருக்கா. அம்மா குரலே மறந்துரும்போல இருக்குப்பான்னு அழுதா."

"கொடுக்கலையா?"

"கொடுத்தா ஊருக்கெல்லாம் அனுப்புவா. ஸ்டேட்டஸ்ல வைப்பா. தினம் சாயங்காலம் நான் தனியா கேக்குத குரல் அம்மா அது."

குற்றாலிங்கம் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"வர்ற வாரம் நெஞ்சுல ஆபரேஷன். கொடுக்கவும் மனசில்ல. பூட்டிட்டுப் போகவும் மனசில்ல. நான் என்ன செய்ய?"

அம்மா ஒரு விரலை உதட்டில் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மௌன விரதம். அம்மா வாய் மூடினால் மறுநாள் விடிந்த பிறகுதான் திறப்பார்கள். மடத்துக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.

குற்றாலிங்கம் காத்திருந்தார். வெயில் இறங்கியது.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. வடிவு இந்த நேரத்தில்தான் பாடுவாள். பாட்டுக் கேட்டதும் தெருவில் விளையாடுகிற சின்னக் கோமு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். கால்கூடக் கழுவாமல் வடிவின் மடியில் விழுவாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் விளக்கேத்துதேன் அம்மா."

பூஜை அறை பூட்டியிருந்தது.

"சாவி எங்க அம்மா?"



ஆணியில் பார்த்தார். விபூதித் தட்டுக்கு அடியில் பார்த்தார். பாயைத் தூக்கிப் பார்த்தார். சாயங்காலம் கும்பிட வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது.

"சைகையாவது காட்டுங்களேன்! நீங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க, சாமி உள்ள இருட்டுல இருக்கு!"

அம்மாவின் இமைகூட அசையவில்லை.

"என்ன அண்ணாச்சி, அம்மாகிட்டயா சத்தம் போடுதீய?"

பூக்காரி பேச்சி மாலையோடு வந்து நின்றாள்.

"சாவியைக் காணோம் பேச்சி."

"இதுக்குத்தான் இந்தக் கூப்பாடா?"

இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

"உன்கிட்ட எப்படி?"

"அம்மா எப்பவோ குடுத்தாக. என் வாய் மூடுத அன்னைக்கும் சாமிக்கு வெளக்கு எரியணும் பேச்சின்னாக."

"அப்போ நெனச்ச நேரம் திறந்து பாப்பியோ?"

"நல்லாக் கேட்டீய போங்க! அம்மா இருக்கையில நான் எதுக்குத் திறக்கணும்?"

விளக்கு எரிந்தது. எல்லாரும் கும்பிட்டார்கள்.

குற்றாலிங்கம் கும்பிடவில்லை. படித்துறையில் இறங்கி நின்று மகளுக்குப் போன் செய்தார்.

"கோமு, அந்த பாஸ்வேர்டு சொல்லுதேன். எழுதிக்கோ."

அந்தப் பக்கம் கோமு பேனா தேடும் சத்தம் கேட்டது.

"உங்க அம்மா என்னைத் திட்டுத பேரு. அதுக்குப் பின்னால நீ பொறந்த வருஷம்."

"தூங்குமூஞ்சியாப்பா?"

கோமு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"எழுதி வச்சிக்கிட்டேன்ப்பா. நீங்க இருக்கும்போது நான் திறக்க மாட்டேன்."

"இல்லம்மா. இப்பவே திற. போனை வச்சிராத. நானும் கேக்கேன்."

ஆற்றுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, எங்கேயோ ஒரு ஊரில் மகள் கையிலிருந்து, வடிவு பேசினாள்.

"போதும், அந்தப் போனைக் கீழ வைங்க. வெளக்கு வைக்குத நேரமாச்சுல்லா? பிள்ளையக் கூப்பிடுங்க."