காற்றுக்குழாய் விற்ற குரங்கு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என் குரல் இறங்கிப்போகும், தள்ளி இருந்தால் காதில் விழாது.

குமிழங்காட்டில் ராக்கு என்று ஒரு மூஞ்சூறு இருந்தாள். அவள் குடியிருந்தது ஒச்சப்பன் கரடியின் வேனுக்குள்.

வேனின் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. வண்டி மூச்சு வாங்குவது அதன் வழியாகத்தான். பெட்டியின் வாய் முன்விளக்குக்குப் பின்னால், வெளிக்காற்றைப் பார்த்தபடி இருக்கும். குளிர்ந்த காற்று அதில் நுழையும். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு வடிகட்டி. புழுதியை அங்கே விட்டுவிட்டுக் காற்று மட்டும் சுத்தமாக இன்ஜினுக்குப் போகும்.

அந்தப் பெட்டிக்கு அடியில் கையகல இடம்தான் ராக்குவின் வீடு. வாடகை கிடையாது. பதிலுக்கு, தினமும் விடியும்போது பெட்டி வாயில் ஒட்டிய சருகை எடுத்துப் போட வேண்டும், வடிகட்டியைத் தட்டிவிட வேண்டும். ராக்கு ஒரு நாளும் தவறியதில்லை.

கோடை வந்தால் காட்டின் அடிவாரக் குளம் வற்றிவிடும். மலை உச்சியில் இருக்கும் சுனை மட்டும் வற்றாது. பெரிய தவளைகள் எப்படியோ தத்தித் தத்தி மேலே போய்விடும். தலைப்பிரட்டைகள் என்ன செய்யும்? கால் முளைக்காத பிள்ளைகள். அவற்றைத் தண்ணீரோடு தொட்டிகளில் ஏற்றி, வெயில் உறைக்குமுன் சுனையில் சேர்ப்பது ஒச்சப்பனின் வேலை. தொட்டித் தண்ணீர் சூடாகிவிட்டால் பிள்ளைகள் பிழைக்காது.

வழிநெடுகத் தாய்த்தவளை சொர்ணம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடுவாள். ஏழு தடவை பாடி முடித்தால் சுனை வந்துவிடும். "மலை உச்சி எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், "ஏழு தாலாட்டு" என்றுதான் அந்தக் காட்டில் பதில் சொல்வார்கள்.

அந்த வருஷம் குளம் சீக்கிரமே வற்றத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு நடை போதாது. ஒச்சப்பன் குளக்கரையில் நின்று புலம்பினான்.

"வண்டி கொஞ்சம் வேகமா ஏறினா வெயிலுக்கு முன்னாடி ரெண்டு நடை அடிச்சிரலாம். பிள்ளைங்க பூராவும் தப்பிச்சிரும்."

இது சிங்காரம் குரங்கின் காதில் விழுந்தது. சிங்காரம் அந்தக் காட்டுக்குப் புதியவன். ஜீப்பில் ஊர் ஊராகப் போய் வண்டிச் சாமான் விற்கிறவன். ஆலமரக் கிளையில் பளபளவென்று குழாய்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொரு குழாயின் நுனியிலும் சிவப்பாக ஒரு பஞ்சுக் கூம்பு.

"தம்பி ஒச்சப்பா, உன் வண்டிக்கு வயசாகல. மூச்சு முட்டுது," என்றான் சிங்காரம்.

"அப்படியா அண்ணாச்சி?"

"பின்னே? இந்தக் கறுப்புப் பெட்டி என்ன செய்யுது தெரியுமா? மூக்கைத் துணி வச்சுப் பொத்துது. மூக்கைப் பொத்திக்கிட்டு நீ மலை ஏறுவியா? பெட்டியைக் கழட்டிப் போட்டுட்டு என் காத்துக்குழாயை மாட்டு. காத்து குபுகுபுன்னு போகும். வண்டி குதிரை மாதிரி ஏறும்."

"எல்லாரும் இதை ரொம்ப விலைன்னு சொல்றாங்களே."

"கம்பெனிக் குழாய்தான் விலை. இது அதே சரக்கு. பிள்ளைங்க காரியம்னு சொல்ற, உனக்காக ரெண்டே ரெண்டு தேனடைக்குத் தர்றேன்."

பிள்ளைகள் என்றதும் ஒச்சப்பன் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அந்தப் படுபாவி விலை சொன்னான். பேராசைக்காரனை ஏமாற்றினால் கூடப் போனால் போகிறது என்று விடலாம். அடுத்தவன் பிள்ளைக்காகக் கலங்குகிறவனிடம் போய்க் கடை விரிக்கலாமா? சொல்லுங்கள்.

ராக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் பெட்டி கழன்று வந்துவிட்டது. அவள் வீடும் அதோடு போயிற்று. சிங்காரம் பெட்டியை ஓரமாகத் தன் ஜீப்பில் எறிந்தான். "பழசை நானே கொண்டுபோய்த் தூரப் போட்டுர்றேன், உனக்கெதுக்குச் சிரமம்," என்றான்.

குழாயை மாட்டினார்கள். பஞ்சுக் கூம்பு இன்ஜினுக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றது. ராக்கு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். சூடு. அடுப்பு வாயில் மூக்கை வைத்தது மாதிரி சூடு.

ஒச்சப்பன் வண்டியைக் கிளப்பினான். "பூ...ஊஊஊ" என்று ஒரு சத்தம். ஆலமரத்துக் கிளிகள் சிதறின. முயல்கள் பாதையை விட்டு ஓடின.

"கேட்டியா ராக்கு? பறக்குது," என்றான் ஒச்சப்பன்.

"பறக்கல அண்ணே. கத்துது."

"எல்லாரும் வழி விடுறாங்களே, பார்க்கலையா?"

"பயந்து விடுறாங்க. அண்ணே, பெட்டி குளுந்த காத்தை வெளியே இருந்து இழுத்துச்சு. இது இன்ஜின் விடுற வெக்கையையே திரும்ப இழுக்குது. பஞ்சு வேற பொத்தல் பொத்தலா இருக்கு. புழுதி உள்ள போகும்."

ஒச்சப்பன் முகம் சுருங்கியது. "வீடு போச்சேங்கிற வயித்தெரிச்சல்ல பேசுற நீ."

ராக்குவுக்குச் சுருக்கென்றது. பாதி உண்மைதானே.

"வயித்தெரிச்சல்தான். அதுக்காக என் மூக்கு பொய் சொல்லுமா?" என்று சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

அன்றைக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் சொர்ணத்திடம்தான் முதலில் போனாள்.

"அக்கா, இன்னைக்கு எத்தனை பாட்டு?"

சொர்ணம் தொண்டையைச் செருமினாள். "எட்டு முடிஞ்சு ஒம்பதாவதுல பாதி. இந்தச் சத்தத்துல பிள்ளைங்களுக்குக் கேட்கணுமேன்னு இழுத்துப் பாடிட்டேன் போல."

"பார்த்தியா? அவ இழுத்துப் பாடியிருக்கா," என்றான் ஒச்சப்பன்.

தேனடையைக் கொடுத்து வாங்கிய குழாயைச் சந்தேகப்பட அவனுக்கு மனசு வரவில்லை. பாட்டின் மேல் சந்தேகப்பட்டான். வருஷக்கணக்காக ஏழு தடவையில் முடிந்த பாட்டு! பாடுகிறவளே தன் தொண்டையைச் சந்தேகப்பட்டாள். ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? அவனுக்கு வக்கீல் தேவையில்லை, ஏமாந்தவர்களே வாதாடுவார்கள்.

மறுநாள் பத்துப் பாட்டு ஆயிற்று. இரண்டாவது நடைக்கு நேரமே இல்லை. ஒச்சப்பன் தயங்கித் தயங்கிச் சிங்காரத்திடம் போய்ச் சொன்னான்.

"புதுச் செருப்பு கடிக்கலையா? அது மாதிரிதான். மூணு நாள்ல பழகிரும்," என்றான் சிங்காரம். அந்தப் பதிலுக்கும் ஒச்சப்பன் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் குளத்தில் ஒரு குட்டை அளவுதான் தண்ணீர். மிச்சப் பிள்ளைகளையெல்லாம் மூன்று தொட்டியில் அடைத்து ஏற்றினார்கள். சறுக்குப்பாறை ஏற்றத்தில் புழுதி முழங்கால் அளவு. வழக்கமாக ஐந்தாவது பாட்டில் தாண்டுகிற இடம் அது; அன்றைக்குச் சொர்ணம் எட்டாவதைப் பாடிக்கொண்டிருந்தாள். குழாய் ஊளையிட்டது, இருமியது, மறுபடி இருமியது. வண்டி நின்றுவிட்டது.

ஒச்சப்பன் பானெட்டைத் தூக்கினான். பஞ்சுக் கூம்பு கிழிந்து தொங்கியது. குழாய்க்குள் விரலை விட்டான். விரல் முழுக்கச் செம்மண்.

வெயில் பாறையில் ஏறியது. சொர்ணம் பாட்டை நிறுத்திவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கை வைத்தாள்.

"அண்ணே, தண்ணி சுடுது."

ஒச்சப்பன் தொட்டிக்கு மேலே குனிந்து தன் உடம்பால் நிழல் கொடுத்தான். மூன்று தொட்டிக்கும் ஒரே உடம்பு எப்படிப் போதும்? முதல் தொட்டியில் பதினோரு பிள்ளைகள் அசையாமல் மிதந்தன.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஜீப் ஒன்று ஏறி வந்தது. சிங்காரம்தான். கடையைக் கட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் புறப்பட்டிருந்தான். வேன் பாதையை அடைத்து நின்றதால் அவனும் நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கு மட்டும் காதைத் தீட்டினாள். ஜீப் ஏற்றத்தில் வந்தது. ஆனால் ஊளையிடவில்லை. பூனை மாதிரி வந்து நின்றது. அவள் சக்கரத்துக்கு இடையில் புகுந்து அடியில் ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.

"என்ன தம்பி, நின்னுருச்சா? உனக்குப் பெரிய சைஸ் குழாய் தேவைப்படுது," என்றான் சிங்காரம்.

"அண்ணாச்சி, பிள்ளைங்க பதினொண்ணு போச்சு," என்றான் ஒச்சப்பன்.

"பதினொண்ணுதானே? தொட்டி நிறைய இருக்குதே."

இதைக் கேட்டுக்கொண்டு ஒரு தாய் அங்கே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சமாவது நாக்கு கூசியதா அந்தக் குரங்குக்கு?

ராக்கு சிங்காரத்தின் காலடிக்கு வந்து நின்றாள். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி சொல்றதுதான் சரி. அந்தப் பெரிய சைஸ் குழாயை இப்பவே மாட்டிரலாம்."

"அப்படிச் சொல்லு புள்ள," என்றான் சிங்காரம் சந்தோஷமாக.

"வேன்ல இல்லை. உங்க ஜீப்புல. தொட்டியை உங்க ஜீப்புல ஏத்திருவோம். குழாயை மாட்டினா குதிரை மாதிரி ஏறும்ல? பிள்ளைங்க பிழைச்சிரும். ஒச்சப்பண்ணே, ஸ்பேனரை எடு."

ஒச்சப்பனுக்கு அதில் சூது ஒன்றும் தெரியவில்லை. நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஜீப்பின் பானெட்டைத் தூக்கி ஸ்பேனரை வைத்தான். சிங்காரம் ஒரே தாவாகத் தாவி அவன் கையைப் பிடித்தான்.

"தொடாதடா! இந்தப் புழுதியில அதை மாட்டினா என் இன்ஜின் போயிரும்!"

ஒச்சப்பன் மெதுவாகக் குனிந்து பார்த்தான். ஜீப்புக்குள் அதே மாதிரிக் கறுப்புப் பெட்டி. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தான். அவனுடைய பெட்டி, இன்னும் ஏழெட்டுப் பேருடைய பெட்டிகள், எல்லாம் அடுக்கிக் கட்டியிருந்தன. அடுத்த காட்டில் விற்பதற்கு.

"உன் இன்ஜின் போயிரும்," என்றான் ஒச்சப்பன். "என் இன்ஜின் போகலாம்."

சிங்காரம் பல்லைக் காட்டினான். "வியாபாரம் தம்பி."

ஒச்சப்பன் அடிக்கவில்லை. நானாக இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அவன் சிங்காரத்தைப் பிடரியில் தூக்கி ஓரமாக உட்கார வைத்தான். வேனைத் தோளால் தள்ளிப் பாதையோரம் ஒதுக்கினான். தொட்டிகளை ஜீப்பில் ஏற்றினான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். சொர்ணம் பழைய கணக்குப்படி ஆறாவது பாட்டை எடுத்தாள். ஏழாவது முடியவும் சுனை வரவும் சரியாக இருந்தது. பதினோரு பேர் போக மிச்சப் பிள்ளைகள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கின.

சாயங்காலம் ஒச்சப்பன் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்தவன் பொருள் தனக்கு வேண்டாம் என்கிற பிறவி அவன். தன் கறுப்புப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"ராக்கு, உன் வீடு வந்துருச்சு. வந்து இருந்துக்க. நான் உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"இருக்கேன் அண்ணே. எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு ராக்கு இருட்டில் மறைந்தாள்.

அடுத்த காட்டில் சிங்காரம் ஒரு புளியமரத்தில் குழாய்களைத் தொங்கவிட்டான். கூட்டம் சேர்ந்தது. முள்ளம்பன்றி ஒன்று ஆட்டோவோடு வந்திருந்தது. நிறைமாதக் கடமான்களை மருத்துவச்சியிடம் கூட்டிப்போகிற ஆட்டோ அது.

"இதை மாட்டினா சீக்கிரம் போகலாமா அண்ணாச்சி? போன மாசம் ஒருத்திக்கு வழியிலேயே பிள்ளை பிறந்துருச்சு."

"சந்தேகமே வேணாம் தம்பி. என் ஜீப்புலயும் இதே குழாய்தான் ஓடுது," என்றான் சிங்காரம், நெஞ்சில் கை வைத்து.

கேட்டீர்களா? நெஞ்சில் கை வைத்து!

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, சத்தத்தைக் கேட்டு எதையும் வாங்காதீர்கள், விற்கிறவன் தன் வண்டியில் எதை மாட்டியிருக்கிறான் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முள்ளம்பன்றி பையில் கையை விட்டது. அப்போது ஜீப்பின் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளிந்திருந்த ராக்கு, பானெட் திறக்கும் கம்பியைப் பல்லால் கவ்வி, முழுப் பலத்தோடு இழுத்தாள்.