எதிர்வினை ஆற்றிய மூவர்

சாம்பிராணிப்பேட்டையில் கலைஞர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மூளைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

அங்கே கதிரொளி என்று ஒரு கவிஞர். சிமெண்டுக்கடை வீரபத்திரனின் மகள் சுகந்தியைக் கட்டிக்கொள்ள அவருக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம். அப்பாதான் மசியவில்லை.

"தம்பி, உங்க கவிதையைப் படிச்சுட்டு ஒருத்தராவது எழுந்து ஒரு வேலை பார்க்கட்டும். அப்புறம் பொண்ணைத் தர்றேன்."

கதிரொளி உடனே ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். நாகஸ்வர வித்வான் சிங்காரவேலு, சிற்பி ஆபத்சகாயம், நாட்டிய டீச்சர் வைஜயந்தி மூவரையும் அழைத்துத் தம் கவிதையைக் கொடுத்தார்.

என் வீட்டுக் கதவு
திறந்தே கிடக்கிறது
உள்ளே
யாருமில்லை

அவ்வளவுதான். பால் பொங்குவதற்குள் படித்துவிடலாம்.

"வரிகளுக்கு நடுவே வாசியுங்கள். பிறகு எதிர்வினை ஆற்றுங்கள்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மனுஷன் பேசுகிற மாதிரிச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"வாசிக்கிறதை நான் பார்த்துக்கறேன்" என்றார் வித்வான். "வரிக்கு வரி நடுவுல ஒரு ராகம்."

"எதிர்வினைன்னா?" என்றார் டீச்சர்.

"எதிரா செய்யறது" என்றார் சிற்பி. "கதவு திறந்திருக்குன்னா?"

"மூடணும்."

"உள்ளே யாருமில்லைன்னா?"

"நாம இருக்கணும்." டீச்சருக்குப் புல்லரித்தது. "எவ்வளவு ஆழமா எழுதியிருக்கார் சார்."

கூட்டத்தில் கதிரொளி முதல் வரியைச் சொன்னதுமே வித்வான் தோடியை எடுத்தார். இரண்டாம் வரிக்குள் வீரபத்திரன் குறட்டை விட்டார். மூன்றாவதற்குள் காபி ஆறிப்போனது. சிற்பியையும் டீச்சரையும் காணவே காணோம்.

தேடிக்கொண்டு சுகந்தி உட்பட எல்லோரும் கவிஞர் வீட்டுக்குப் போனால், வாசலை அடைத்துச் செங்கல் சுவர். ஜன்னலில் டீச்சர் முகம்.

"இது என் வீடு டீச்சர். வழி விடுங்க."

"நீங்க உள்ளே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

வீரபத்திரன் சுவரைத் தடவிப் பார்த்தார். "கவிதையைப் படிச்சா இதைக் கட்டினீங்க?"

"ஆமாங்க" என்றார் உள்ளேயிருந்த சிற்பி.

"சிமெண்டு?"

"உங்க கடையிலதான்."

வீரபத்திரன் முகம் மலர்ந்தது. "தம்பி, பொண்ணு உங்களுக்குத்தான். இன்னும் நிறைய எழுதுங்க."

கதிரொளி அங்கேயே எழுதி ஜன்னல் வழியே நீட்டினார்.

கதவு அடைத்திருக்கிறது
உள்ளே ஆட்கள்
வெளியே
நான் தனியே

சிற்பி சுவரை இடித்தார். இருவரும் வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

"இருங்க, இன்னும் முடியலை" என்றார் டீச்சர். "வெளியேக்கு எதிர்?"

"உள்ளே."

"தனியேக்கு?"

"ஜோடியா."

சுகந்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். டீச்சரோ பக்கத்தில் நின்ற வீரபத்திரனின் கையைப் பிடித்துக் கவிஞர் கையில் கொடுத்தார். மூவரும் சேர்ந்து இருவரையும் உள்ளே தள்ளினார்கள்.

"அடடா, கதவு திறந்து கிடக்கே" என்றார் சிற்பி. "முதல் கவிதை என்ன ஆகறது?"

சுவர் மறுபடி எழும்பியது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து வீரபத்திரன் குரல் கேட்டது.

"மாப்பிள்ளே, வயிறு கிள்ளுது. உள்ளே சோறு இல்லைன்னு நாலு வரி எழுதி வெளியே குடுங்க."

கதிரொளி ரொம்ப யோசித்தார்.

"அவ்வளவு நேரடியா எழுதினா அது கவிதையாகாதே மாமா."