ஒரே ஒரு கையெழுத்துக்கு இடமிருந்த தாள்

இந்தக் கதையில் மூன்று பெண்கள், ஒரு தாள். சொல்லி முடித்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். அவசரத்தில் தோன்றிய பதிலைத்தான் நானும் முதலில் நம்பினேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பள ஊரில் பேச்சித்தாய் உப்புச் சுமக்கும் வேலை பார்த்தாள். அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. கூடையைத் தலைக்கு ஏற்றும்போது ஒரு கை கூடையில் இருக்கும், மறு கை அடிவயிற்றில் இருக்கும். இதை அவள் கணவன் சங்கரலிங்கத்திடம்கூடச் சொன்னதில்லை. சொல்லக் கூசினாள்.

முப்பத்தாறு வயதில் மறுபடியும் கருவுற்றாள். கலைத்துவிட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தாள்.

அடுத்த வீட்டில் சங்கரலிங்கத்தின் அக்காள் இசக்கியம்மாள் இருந்தாள். மணமாகிப் பதினாறு ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை. தன் அண்ணனின் தாயில்லாத மகள் வடிவை வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியவள் அவள்தான். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம் வடிவுடையது. ரேஷன் கடை, வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்து எந்தத் தாள் வந்தாலும், "வடிவு படிச்சாச்சா?" என்று கேட்ட பிறகே அங்கே யாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

செய்தி கேட்டு இசக்கி வந்தாள்.

"வேண்டாம்னு சொன்னியாமே. எனக்குத் தா, பேச்சி. கறுப்பாப் பொறந்தாலும் சரி, நான் பவுடர் போட்டு விடுதேன்."

"வளக்கது நீங்க, சுமக்கது மட்டும் நானா மைனி? அந்த வேலையையும் நீங்களே வாங்கிக்கிடுங்க."

இசக்கி சிரிக்கவில்லை. "அது உசுரு. பதினாறு வருஷமா நான் சாமிகிட்டக் கேக்குத உசுரு. உன் வயித்துல வந்துட்டுங்கதுக்காக உன் இஷ்டத்துக்கு அழிச்சிரலாமா?"

"என் உடம்புலயும் ஒரு உசுரு இருக்கு, மைனி."

அதற்கு மேல் பேச்சி காரணம் சொல்லவில்லை. இசக்கி தம்பியிடம் போனாள். பிள்ளை அக்காளுக்குத்தான் என்று சங்கரலிங்கம் அன்றைக்கே வாக்குக் கொடுத்தான். பேச்சியை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பேச்சி வடிவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். இசக்கி வாசலில் நின்றாள். "நான் தடுக்கல, பேச்சி. ஆனா கலைச்சிட்டுத் திரும்பி வந்தா உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

பஸ்ஸில் பேச்சி தன் உடம்பைப் பற்றி முதன்முறையாக ஒருவரிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னாலிருந்த நர்ஸ் ஒரு தாளைத் தள்ளினாள். "புருஷன் வந்திருக்காரா? அவர் கையெழுத்து இல்லாம இங்க பாக்க மாட்டோம்."

வடிவு தாளைப் படித்தாள். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே அதில் கேட்கப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கணவன் என்ற சொல்லே இல்லை.

"என்னட்டி போட்டிருக்கு?" என்றாள் பேச்சி.

நர்ஸ் அடுத்தவளின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டாள். வடிவுக்கு அத்தை வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது.

"அவங்க சொல்லுததுதான் சித்தி."

வடிவு படித்தாயிற்று. பேச்சி வேறு யாரிடமும் கேட்கவில்லை. இருவரும் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

பெண் பிறந்தது. முத்தரசி என்று பெயர் வைத்து இசக்கி வளர்த்தாள். பிரசவத்தன்றுதான் பேச்சியின் நோய் அவளுக்குத் தெரிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். "சொன்னா விட்டிருப்பீகளா மைனி?" என்று பேச்சி கேட்டாள். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு பேச்சியால் சுமை தூக்க முடியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து உப்பு மூட்டைகளுக்கு வாய் தைக்கிறாள். நெடுநேரம் உட்காரவும் முடிவதில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து வடிவு அந்தக் கொட்டகைக்கு வந்தாள்.

"சித்தி, அன்னைக்கு அந்தத் தாள்ல உங்க கையெழுத்து மட்டும் போதும்னுதான் இருந்துச்சு."

பேச்சியின் ஊசி நின்றது. "அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பஸ்ல நான் சொன்னதுக்குப் பொறவுமா?"

வடிவு ஆமென்று தலையை ஆட்டினாள். அப்போது முத்தரசி தண்ணீர் கேட்டு ஓடி வந்தாள். பேச்சி செம்பைச் சாய்த்துப் பிடித்தாள். குழந்தை குடித்துவிட்டு, அவள் சேலையிலேயே வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியது.

"இவ இல்லாம இருந்திருக்கலாம்னு என் வாயால சொல்லணுமா? சொல்ல மாட்டேன்" என்றாள் பேச்சி. "அதுக்காக நீ செஞ்சது சரின்னும் சொல்ல மாட்டேன். போ."

இனி உங்கள் முறை. ஒருத்தி வயிற்றிலிருந்த உயிருக்காகக் கெஞ்சினாள். ஒருத்தி தன் உடம்புக்காக மறுத்தாள். ஒருத்தி படித்ததை மறைத்தாள், அதனால் ஒரு குழந்தை இன்று ஓடி விளையாடுகிறது. இந்த மூவரில் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: வடிவு. கருவிலிருப்பதற்கு எவ்வளவு உரிமை, சுமப்பவளுக்கு எவ்வளவு உரிமை என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. தெளிந்ததுபோல எழுதவும் மனமில்லை. ஆனால் இசக்கி தான் நம்பியதைப் பேச்சியின் முகத்துக்கு நேரே சொன்னாள், மறுப்பையும் கேட்டுக்கொண்டாள். வடிவுக்கும் அதே நம்பிக்கை இருந்திருந்தால் பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம். அந்த மேசைக்கு முன்னால் அவள் உயிரைப் பற்றி நினைக்கவே இல்லை. அத்தைக்குப் பயந்தாள், நர்ஸோடு வாதாடவும் பயந்தாள். குழந்தை பிறந்த பிறகுதான் தன் பயத்துக்கு உயிரைக் காப்பாற்றியது என்று பெயர் வைத்துக்கொண்டாள். முத்தரசி நல்ல பிள்ளைதான். அவளை முன்னே நிறுத்தி வடிவு ஒளிந்துகொள்ள முடியாது. சங்கரலிங்கத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அவனும் வெட்கப்பட வேண்டியவன்தான். அவனிடம் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.