காதுப்பாறையில கேட்ட குரல்

ஒரு ஊர்ல ஒரு பாறை இருந்துச்சு. சும்மா பாறை இல்ல குட்டி. ஊருக்கு மேக்க, யானை படுத்துக் கெடக்குற மாதிரி பெருசா இருக்கும், நடுவுல காது மாதிரி குழிஞ்சிருக்கும். அதனால காதுப்பாறைன்னு பேரு. அதுக்கு முன்னாடி நின்னு நீ பேசுனா அதுவும் திருப்பிப் பேசும். எல்லாப் பாறையும் அப்படித்தானேங்கிறியா? அதான் இல்ல. இந்தப் பாறை, யாரு வாய் அசைஞ்சுச்சுன்னு பாக்காது. அந்தப் பேச்சு யாரு மனசுல பொறந்துச்சுன்னு பாக்கும். அவங்க குரல்லதான் திருப்பிச் சொல்லும். ம் சொல்லு. ஆங்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கம். அஞ்சாங்கிளாஸ் முடிக்கிற பிள்ளைங்க ஒரு கட்டுரை எழுதி, ஊர் கூடி நிக்க, பாறை முன்னாடி வாசிக்கணும். வாசிச்ச பிள்ளையோட குரல்லயே திரும்பி வந்தா ஆறாங்கிளாஸ். டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ல ஜம்முனு போகலாம். இல்லையா, இன்னொரு வருசம் அதே வகுப்பு. மூணு சனிக்கிழமை காலையில, மூணே வாய்ப்பு.

அந்த வருசம் கோமுன்னு ஒருத்தி. கணக்குன்னா கடகடன்னு போடுவா, கட்டுரைன்னா ஒரு வரி ஓடாது. 'எங்கள் ஊர் மழை'ன்னு தலைப்பு எழுதி அடியில கோடு போடுவா, அதோட சரி. கூட்டாளிங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிருவாங்க, நாம மட்டும் பொடிசுங்க நடுவுல உக்காரணுமேன்னு அவளுக்கு ஒரே கவலை.

அப்புறம் என்ன பண்ணா? அடுத்த வீட்டுச் சொர்ணக்கா போன வருசம் எழுதுன கட்டுரைய வாங்கி, ஒரு வரி மாறாம எழுதிக்கிட்டா. சனிக்கிழமை வந்துச்சு. கணீர்னு வாசிச்சா.  அப்புறம் கும்ம்ம்னு பாறை பேசுச்சு. யாரு குரல்ங்கிற? சொர்ணக்கா குரல். அதுவும் மூக்கடைச்ச குரல். ஏன்னா போன வருசம் அத எழுதுறப்போ அவளுக்குச் சளி. எழுதுன அன்னைக்கு எப்படி இருந்தாங்களோ, அப்படியே சொல்லுது பாத்தியா.

அஞ்சாங்கிளாஸ் எஸ்தர் டீச்சர் திட்டல. "அடுத்த வாரம் வா, கோமு"ன்னாங்க. அவ்வளவுதான்.

ரெண்டாவது வாரம் கோமு உஷாராயிட்டா. கோயில் விழா மலர்ல போஸ்ட் மாஸ்டர் உலகநாதன் மழையப் பத்தி எழுதியிருந்தாரு. அத எடுத்தா. மழைங்கிற இடத்துல மாரின்னு போட்டா, வயலக் கழனியாக்குனா, வரிய முன்ன பின்ன மாத்துனா. இனி யாரு கண்டுபிடிப்பான்னு நெனச்சா. அட பைத்தியமே, சட்டைய மாத்திவிட்டா ஆளு மாறிருவானா?

வாசிச்சா. அப்போ பாறை 'க்ஹூம்'னு ஒரு கனைப்பு கனைச்சுச்சு. மாரி மறுபடி மழையாச்சு, கழனி வயலாச்சு, போஸ்ட் மாஸ்டர் குரல்ல முழுசும் வந்துச்சு. அவரு அங்கதான் குடையோட நின்னாரு. தொண்டையத் தொட்டுப் பாத்துக்கிட்டு, "நான் வாயே திறக்கலையே டீச்சர்"னாரு. யாரும் சிரிக்கல. எல்லாருக்கும் உடம்பு சிலுசிலுன்னு ஆயிருச்சு.

தூங்கிட்டியா? ம். அப்போ கேளு.

கோமுவுக்கு அம்மா இல்ல. அவ கைக்குழந்தையா இருக்கும்போதே அம்மா செண்பகம் இறந்து போயிட்டா. அம்மா எப்படிப் பேசுவான்னே கோமுவுக்குத் தெரியாது. அப்பா மாடசாமி டிராக்டர் ஓட்டுறவரு, அதிகம் பேச மாட்டாரு. மூணாவது வாரம் தகரப்பெட்டிய உருட்டுனப்போ, அம்மாவோட அஞ்சாங்கிளாஸ் நோட்டு ஒண்ணு ஆப்ட்டுச்சு. அதுலயும் மழை. கோமு யோசிச்சா. அம்மா தோடு எனக்கு, அம்மா பட்டுப்பாவாடை எனக்கு, அப்போ அம்மா எழுதுனதும் எனக்குத்தானே?

சனிக்கிழமை பாறை முன்னாடி நின்னா. "மழை பெய்யும்போது நான் யாரையும் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் மழை நின்றுவிடுமோ என்று பயம்"னு வாசிச்சா.

காத்து கூட அசையல. அப்புறம் பாறையிலேருந்து ஒரு சின்னப் பொண்ணு குரல் வந்துச்சு. கீச்சுன்னு, லேசா திக்கித் திக்கி. கோமு குரல் இல்ல. ஊர்ல எந்தப் பிள்ளை குரலும் இல்ல. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க.

எஸ்தர் டீச்சர் கையிலேருந்து பதிவேடு பொத்துன்னு விழுந்துச்சு.

"யாரு டீச்சர் அது?"ன்னாரு மாடசாமி.

"உங்க வீட்டுக்காரிதான். செண்பகம். அஞ்சாங்கிளாஸ்ல எங்கிட்ட படிச்சப்போ இப்படித்தான் பேசுவா."

மாடசாமி அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அவருக்கே அந்தக் குரல் தெரியாது குட்டி. கோமுவுக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. அம்மான்னா பெரிய மனுசின்னுதானே நெனச்சிருந்தா? அங்க பேசுறது அவ வயசுப் பொண்ணு.

போஸ்ட் மாஸ்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "போதும் டீச்சர், பாஸ் போடுங்க"ன்னாரு. ஊரே ஆமா ஆமான்னுச்சு. கோமு கையில இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு. வாசிச்சுக்கிட்டே போனா அம்மா பேசிக்கிட்டே இருப்பா. பாஸும் கெடைக்கும். நீயா இருந்தா என்ன பண்ணுவ?

கோமு நோட்ட மூடுனா. "டீச்சர், இது நான் எழுதுனது இல்ல. எங்கம்மா செண்பகம் எழுதுனது. நான் சொல்லாம எடுத்துட்டேன்."

அப்போ பாறை கும்ம்ம்னுச்சு. "இது நான் எழுதுனது இல்ல. எங்கம்மா செண்பகம் எழுதுனது." யாரு குரல்ல? கோமுவோட குரல்ல. மூணு வாரத்துல அவ குரல் திரும்பி வந்தது அப்பத்தான்.

கோமு பாறைய நிமிந்து பாத்தா. அப்புறம் தாள் இல்லாமலே பேச ஆரம்பிச்சா. "மழை நின்னுருமோன்னு பயம்னு எங்கம்மா எழுதியிருக்காங்க. எனக்கு மழை நிக்கலையேன்னு பயம். எங்க வீடு மூணு இடத்துல ஒழுகும். சட்டி டொம்முங்கும், குண்டான் டங்குங்கும், தூக்குவாளி டிங்குங்கும். அப்பா எனக்கு மட்டும் நனையாத எடமாப் பாத்துப் பாய் போடுவாரு. அவரு நனைவாரு."

பாறை ஒண்ணு விடாமத் திருப்பிச் சொல்லுச்சு. 'எங்கம்மா எழுதியிருக்காங்க'ன்னது கோமு. 'மழை நின்றுவிடுமோ என்று பயம்'னது செண்பகம். 'எனக்கு நிக்கலையேன்னு பயம்'னது மறுபடி கோமு. பத்து வயசு அம்மாவும் பத்து வயசு மகளும் மாறி மாறிப் பேசிக்கிட்டாங்க. எஸ்தர் டீச்சர் கீழ விழுந்த பதிவேட்ட எடுத்து, கோமு பேருக்கு நேரா ஆறாங்கிளாஸ்னு எழுதுனாங்க.

கதை போயி அது வீட்டுல படுத்துக்கிச்சு. நீயும் கண்ண மூடு.