இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள்

மலை ஓடையின் கரையில், ஒரு பாறை இடுக்கில் சருகுமான் ஒன்று குடியிருந்தது. முயலளவுதான் உடம்பு. குச்சி குச்சியான கால்கள். பிறந்து ஒன்பது நாளான ஒரு குட்டியும் அதற்கு இருந்தது.

ஒரு நாள் மலைப்பாதையில் போன கல்யாணக் காரிலிருந்து யாரோ ஒரு பூங்கொத்தை வீசினார்கள். அது உருண்டு வந்து ஓடையோரம் விழுந்தது. காடே ஓடி வந்தது. ரோஜாவைக் கருங்குரங்கு எடுத்துக்கொண்டது. ஜிகினா நாடாவை மரங்கொத்தி கொத்திக்கொண்டு போனது. கடைசியில் நாலு பச்சை இலைகள்தான் மிச்சம். பூவுக்குத் துணையாக வைத்திருந்த நீளமான பெரணி இலைகள்.

"இவை எனக்குப் போதும்" என்றது சருகுமான். அவற்றைக் கவ்விக்கொண்டு போய்ப் பாறை இடுக்கின் வாசலில் திரைபோலத் தொங்கவிட்டது. குட்டி வெளியே யார் கண்ணிலும் படவில்லை. சருகுமானுக்கு அப்பாடா என்றிருந்தது.

நரிக்குத்தான் எரிச்சல். குட்டியின் வாசனை மூக்கைத் துளைக்கிறது, ஆனால் உள்ளே போக முடியாது. 'ஓடைக்கரையில் யார் வீட்டுக்குள்ளும் யாரும் நுழையக் கூடாது' என்பது தலைவர் காட்டெருமையின் உத்தரவு. நரி திரையையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது காற்றில் ஒரு இலை புரண்டது. அதன் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புடைப்புகள்!

நரியின் கண் பளிச்சென்றது. நேரே காட்டெருமையிடம் ஓடியது.

"தலைவரே! ஊரிலிருந்து வந்த இலையில் ஏதோ முளைத்திருக்கிறது! கொள்ளை நோய்! காடே அழியப்போகிறது!"

காட்டெருமை பயந்துவிட்டது. உடனே நிபுணர்களை வரவழைத்தது.

கருங்குரங்குதான் காட்டின் வைத்தியர். அது பாறைக்கு மேலே இருந்த மரத்தில் உட்கார்ந்தபடியே நாக்கைத் தட்டியது. "சந்தேகமே இல்லை. இது இலைச் சொறி. தொட்டால் ஒட்டிக்கொள்ளும்."

"கீழே இறங்கி ஒரு தடவை பாருங்கள், வைத்தியரே" என்றது சருகுமான்.

"என் அனுபவத்துக்கு இங்கிருந்தே தெரியும்!"

பூச்சி நிபுணரான மரங்கொத்தி இன்னும் உயரத்தில் இருந்தது. "சொறியாவது, கிறியாவது! அவை பூச்சி முட்டைகள். நாளைக்கே பொரிந்து காட்டை மொட்டையடித்துவிடும்!"

இரண்டும் ஒரு நாழிகை சண்டை போட்டன. ஒன்றுகூட இலைப்பக்கம் குனியவில்லை. கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின: இலைகளைப் பிய்த்து எறிய வேண்டும்.

"இலை மட்டும் போதுமா?" என்று நரி உருகியது. "பாவம், அந்தக் குட்டி! அதற்கும் தொற்றியிருக்குமே! தனியாக ஒரு இடத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். என் குகையில் இடம் இருக்கிறது. நானே பார்த்துக்கொள்கிறேன், தங்கச்சி!"

"என்ன பெரிய மனசு!" என்று காட்டெருமை நெகிழ்ந்துபோனது. "நாளைக் காலையில் இலையையும் குட்டியையும் ஒப்படைத்துவிடு, அம்மா."

சருகுமான் இடுக்கின் வாசலுக்கு ஓடியது. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது? ஓடினால் நோய் உண்மை என்றல்லவா ஆகிவிடும்! அது உள்ளே போய், திரையின் கீழே படுத்து, இலையை அண்ணாந்து பார்த்தது. உற்றுப் பார்த்தது.

புடைப்புகள் கண்டபடி இருக்கவில்லை. நரம்பின் இரு பக்கமும் சட்டைப் பொத்தான் தைத்ததுபோல வரிசையாக இருந்தன.

"நோய் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்குமா?" என்று அது தனக்குள் கேட்டுக்கொண்டது.

வெயில் இறங்குவதற்குள் குட்டியைப் புதர் வழியாகவே நடத்தி அருவிக்குக் கூட்டிப்போனது. அங்கே ஈரப்பாறை முழுக்கப் பெரணிதான். சருகுமான் ஒவ்வொரு செடிக்கு அடியிலும் தலையை நுழைத்தது. முதிர்ந்த இலைகளில் அதே பழுப்புப் பொத்தான்கள்! மூக்கு உரசியதும் ஒன்றிலிருந்து பொடி உதிர்ந்தது. முன்பே பொடி உதிர்ந்து கிடந்த ஈரமண்ணில் நகத்தளவு பெரணிக் குஞ்சுகள் முளைவிட்டிருந்தன.

"அட! விதை மாதிரிப் பொடி!" என்றது சருகுமான். ஒரு இலையைக் கடித்து எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை எல்லாரும் கூடினார்கள். நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றது.

சருகுமான் இரண்டு இலைகளை அடிப்பக்கம் தெரியாமல் மண்ணில் வைத்தது. "ஒன்று ஊரிலிருந்து வந்தது. மற்றது நம் காட்டு இலை. நோய் எதில் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்."

"இடது பக்கம்!" என்றது கருங்குரங்கு. "பார்த்தாலே குமட்டுகிறது."

"வலது பக்கம்!" என்றது மரங்கொத்தி. "முட்டைகள் நெளிகின்றன!"

சருகுமான் இரண்டையும் புரட்டிப் போட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி புடைப்புகள்.

"இடது பக்கம் இருப்பது அருவி இலை, வைத்தியரே. நீங்கள் நோயாளிகளைப் படுக்க வைக்க விரிக்கிறீர்களே, அதே இலை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கருங்குரங்கு வாலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டது.

"இது நோயுமில்லை, முட்டையுமில்லை. இந்தப் பொடியிலிருந்துதான் புதுப் பெரணி முளைக்கிறது. அருவியடியில் முளைத்துக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்" என்றது சருகுமான்.

காரியம் கைநழுவுவதைக் கண்ட நரி பதறியது. "இலை எப்படியோ போகட்டும்! குட்டிக்கு நோய் இருப்பது நிச்சயம்! அதன் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி!"

"அதன் அம்மா முதுகிலும்தான் இருக்கிறது!" என்றது காட்டெருமை. "சருகுமானுக்குப் பிறவியிலேயே புள்ளி உண்டே!"

சருகுமான் நரியை நிமிர்ந்து பார்த்தது. "நரியண்ணா, என் குட்டி நேற்றுவரை வெளியே தலைகாட்டவில்லை. நேற்றும் புதருக்குள்ளேதான் நடந்தது. அதன் முதுகை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?"

நரி ஒரு அடி பின்னால் நகர்ந்தது. "அது... காற்றில்... திரை விலகி..."

"திரை விலகினால் குட்டி தெரிகிற அளவுக்குப் பக்கத்தில், அங்கே உனக்கு என்ன வேலை?" என்று காட்டெருமை கேட்டது. அதன் மூச்சில் புழுதி பறந்தது. எந்த நோயாளிக்காக அந்தக் குகை காலியாக இருந்தது என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தது. அவ்வளவுதான், நரி பிடித்த ஓட்டம் மலையின் அந்தப் பக்கம்வரை நிற்கவில்லை.

"நான் அவசரப்பட்டுவிட்டேன், அம்மா. உன் குட்டியை நானே அவன் வாய்க்குள் அனுப்பப் பார்த்தேன்" என்றது காட்டெருமை.

சருகுமான் வீட்டுக்குப் போய்க் குட்டியை நக்கிக் கொடுத்தது. பிறகுதான் அதற்கு அழுகை வந்தது.

அடுத்த வாரமே கருங்குரங்கு புது மருந்து ஒன்றை அறிவித்தது: பெரணிப்பொடிக் கஷாயம்! சகல நோய்க்கும் கைகண்டதாம். பொடியின் குணத்தைத் தான் பல வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டது. மரங்கொத்தி அதை ஆமோதித்தது. கஷாயத்தை வாங்கிக் குடிக்க வரிசையும் நின்றது.

சருகுமான் மட்டும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

உயரத்தில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்கிறவரை நம்பிப் பயப்படுவதைவிட, நாமே குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.