நீர்க்காகம் சிறகு காயவைத்த கதை

மீனும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கண்மாயில் நீர்க்காகம் ஒன்று இருந்தது. அதன் சிறகில் வாத்துக்கு இருப்பதுபோல் எண்ணெய் ஊறும், சொட்டு நீர் ஒட்டாது. மிதந்தபடியே, மேலே வரும் மீனைக் கொத்திப் பிழைத்துவந்தது.

ஒரு கோடையில் வெயில் தாங்காமல் மீன்களெல்லாம் நடுமடுவின் அடியில் போய்ப் பதுங்கிவிட்டன. நீருக்குள் நின்ற கருவேலமரத்துக் கூட்டில் அதன் மூன்று குஞ்சுகள் பசியில் ஓயாமல் கத்தின.

தாய் முங்கிப் பார்த்தது. போன வேகத்தில் தக்கைபோல மேலே வந்தது. மறுபடி முங்கியது, மறுபடியும் தக்கைதான். மூன்று நாளும் இதே கூத்து.

முட்டையை விட்டு வந்த அன்றே முங்கத் தெரிந்த முக்குளிப்பான், அலகில் அயிரை மீனோடு பக்கத்தில் எழுந்தது.

"விடுங்கக்கா. இது பொறப்புலயே வரணும். பாடுபட்டா வந்துருமா?"

"என் புள்ளைகளுக்குப் பொறப்பெல்லாம் தெரியாதுடா தம்பி. பசிதான் தெரியும்."

களைத்துப்போய்க் கரையில், துணியின் எண்ணெய்ப்பிசுக்கை எடுக்க வண்ணார் அள்ளிப்போகும் உவர்மண் திட்டில் விழுந்தது நீர்க்காகம். எழுந்து நீரில் இறங்கினால், மண் பட்ட சிறகு மட்டும் நனைந்து கனத்தது. தன்னை மிதக்கவைப்பது அந்த எண்ணெய்தான் என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போய் மண்ணில் புரண்டு புரண்டு சிறகைத் தேய்த்தது.

முக்குளிப்பான் பதறிவிட்டது. "அக்கா, அது போனா திரும்ப வராது! நனைஞ்சு வெறச்சுப் போயிருவீங்க. பறக்கக்கூட முடியாது."

"வெயில் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் தேய்த்தது.

இந்த முறை நீர் அதை உள்ளே விட்டது. அடிவரை போய் ஒரு கெண்டையைக் கவ்வியது. மூன்று நாள் உதைத்து உரமேறிய கால்கள் மேலே கொண்டுவந்து சேர்த்தன. பறக்க முடியவில்லை. மரம்வரை நீந்தி, கிளை கிளையாகத் தத்தி ஏறி ஊட்டியது. பிறகு கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, சிறகை வெயிலுக்கு விரித்து வெடவெடவென்று நடுங்கியது.

"ரொம்பக் குளிருதாக்கா?"

"குளிருதுடா. ஆனா மரத்துல சத்தம் நின்னுருச்சு, கேட்டியா?"



இன்று அந்த நீர்க்காகத்தின் வம்சம் முங்குவதைப் பார்ப்பவர்கள் பிறவித் திறமை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முங்கி எழுந்த நீர்க்காகம் ஒவ்வொரு முறையும் கல்லில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு நிற்பது அன்றிலிருந்துதான்.