முன்ஷிக்கு வந்த மீல்

மேலக்குறிச்சி சமஸ்தானத்துல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற முன்ஷி ஒருத்தர் இருந்தாரு. பேரு தாண்டவராயர். கறுப்புக் கோட்டு, அதுல சங்கிலி போட்ட கடிகாரம். கடிகாரம் ஓடாது, சாவி கொடுக்கச் சோம்பல். இங்கிலீஷ் தெரியாதவர்னு சொல்ல முடியாது. யோசிக்கத்தான் உடம்பு வணங்காது.

கலெக்டர் துரை விருந்துக்கு வர்றதாச் சேதி வந்துச்சு. சமையல்கட்டு ஆளுங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுன்னாரு ராஜா. முன்ஷியும் சரியா நாலு வார்த்தைதான் சொன்னாரு.

"ஃபுட், டிஷ், கோர்ஸ், மீல். நாலும் சாப்பாடுதான். முடிஞ்சுது பாடம்."

தலைமைச் சமையல்காரர் சுடலைமுத்து பன்னெண்டு வருஷம் துரை பங்களாவுல கரண்டி பிடிச்சவரு. "இல்லீங்கய்யா, நாலும் வேற வேற"ன்னாரு.

"அடுப்பு ஊதுறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

முன்ஷி நேரா ராஜாகிட்ட போயிட்டாரு. ராஜாவுக்குக் கோட்டு மேல பெரிய மரியாதை. சுடலைமுத்துவை வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டாரு.

சபையில விகடம் பேசுற கோமதிநாயகத்துக்குப் பொறுக்கல. "மகாராஜா, தப்பு முன்ஷி மேல."

"அதை அவரு வாயாலேயே சொல்ல வை. நாலு நாள் தர்றேன். முடியலன்னா சுடலைமுத்து கூட நீயும் மூட்டை கட்டு."

"சரிங்க. அதுவரைக்கும் முன்ஷி ஐயா சாப்பாடு என் பொறுப்பு."

முன்ஷி இளக்காரமாச் சிரிச்சாரு. "நெய்யைத் தாராளமா ஊத்தச் சொல்லுய்யா."

முத நாள் இலை முன்னால உட்கார்ந்தாரு. ரெண்டு படி பச்சரிசி, ஒரு முழுப் பூசணிக்காய், ஒரு கட்டுக் கீரை வந்துச்சு.

"என்னய்யா இது?"

"ஃபுட்டுங்க."

முன்ஷி விருட்டுன்னு எழுந்தாரு. கடையில போய்ச் சாப்பிட்டா கோட்டு மானம் என்ன ஆகுறது? வெத்தலையைப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டாரு.

ரெண்டாம் நாள் ஒரே ஒரு கரண்டி அவியல். சோறு கிடையாது.

"டிஷ்ஷுங்க."

மூணாம் நாள் மேஜை, வெள்ளைத் துணி எல்லாம் போட்டிருந்துச்சு. ஒரு கிண்ணம் சூப்பு வந்துச்சு. குடிச்சாரு. கிண்ணத்தை எடுத்துட்டுப் போனாங்க. அடுத்தது வரும்னு பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு.

"கோர்ஸுங்க. அவ்வளவுதான்."

நாலாம் நாள் சபையில முன்ஷி தள்ளாடிக்கிட்டு வந்து நின்னாரு. கோட்டு ஆணியில மாட்டின மாதிரித் தொங்குது.

"மகாராஜா, இது அநியாயம். பச்சரிசியும் பூசணியும் ஃபுட்தான், அதுக்காக அப்படியே கடிக்க முடியுமா? அவியல் ஒரு டிஷ்ஷு, ஒண்ணே ஒண்ணு. சூப்பு முத கோர்ஸு, அடுத்து மீனு, கறின்னு வரிசையா வரணும். எல்லாம் வந்து வயிறு நிறைஞ்சாத்தான் அது மீல். எனக்கு ஒரு மீல் போடச் சொல்லுங்க."

என்ன சொன்னோம்னு முன்ஷிக்கு அப்புறம்தான் உறைச்சுது.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. வாசல் ஓரமா நின்ன சமையல்காரரைக் கூப்பிட்டாரு. "சுடலைமுத்து, விருந்து உன் பொறுப்பு. முதல்ல இவருக்கு ஒரு மீல் போடு." கை மோதிரத்தைக் கழட்டிக் கோமதிநாயகத்துகிட்ட கொடுத்தாரு. "ஏன்யா, இந்த முன்ஷியை என்ன செய்யலாம்? அனுப்பிடலாமா?"

"வேண்டாம் மகாராஜா, பாடம் நல்லாத்தான் எடுக்கிறாரு. மூணு நாள் முன்னாடியே பட்டினி போட்டுடணும், அவ்வளவுதான்."